'டெக்னிக்கல் இஷ்யூ'ன்னு சொல்லி ஃப்ளைட் லேட்டா? வெளியே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க!

போர்டிங் முடிஞ்சு, சீட் பெல்ட்டும் போட்டாச்சு. அப்போ பார்த்து, 'டெக்னிக்கல் இஷ்யூ காரணமாகப் புறப்பாடு தாமதமாகும்' என்று அறிவிப்பு வருகிறது. உடனே போனை எடுத்துத் திட்ட ஆரம்பிக்கிற ஆளா நீங்க? ஒரு நிமிஷம், இதைப் படிச்சிடுங்க.

குறைந்த தூர விமானங்கள் தரையிறங்கி, அடுத்த பயணத்துக்குக் கிளம்ப நடுவில் பெரும்பாலும் ஒரு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. பயணிகள் இறங்குவது, கேபினைச் சுத்தம் செய்வது, எரிபொருள் நிரப்புவது எல்லாம் அதற்குள்தான். 'ஏதோ சரியில்லையே' என்ற சந்தேகத்தைத் தீர்ப்பதும் அதற்குள்தான்.

எல்லாமே ஒரு நோட்டில்தான்!

கிளம்பும் முன் பைலட்களில் ஒருவர் விமானத்தைச் சுற்றி வந்து டயர், இன்ஜின், சென்சார்கள், ஆயில் கசிவு என்று பார்ப்பார். பறக்கும்போது தெரிந்ததோ, தரையில் பார்த்ததோ, எந்தக் கோளாறாக இருந்தாலும் 'டெக்னிக்கல் லாக் புக்'கில் எழுத வேண்டும். எழுதிவிட்டால், உரிமம் பெற்ற இன்ஜினீயர் அதற்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போடாமல் விமானம் கிளம்ப முடியாது.

ரிப்பேரோடும் பறக்குமா?

பறக்கும். ஆனால், இஷ்டத்துக்கு அல்ல. எந்தெந்தப் பொருள் வேலை செய்யாமலும் பறக்கலாம் என்பதற்கு 'மினிமம் எக்யூப்மென்ட் லிஸ்ட்' என்ற பட்டியல் இருக்கிறது. சரிசெய்யக் கெடுவும் உண்டு. 'பி' பிரிவுக்கு 3 நாள், 'சி' பிரிவுக்கு 10 நாள், 'டி' பிரிவுக்கு 120 நாள். கூடவே நிபந்தனைகளும் வரும். உதாரணமாக, பல விமானங்களில் இரண்டு ஏ.சி அமைப்புகளில் ஒன்று பழுதானால், குறைந்த உயரத்தில்தான் பறக்க வேண்டும். பாதுகாப்புக்குத் தேவையான ஒரு பாகம் பட்டியலிலேயே இல்லையா? அப்படியென்றால் அது வேலை செய்தே ஆக வேண்டும். பட்டியல் அனுமதித்தாலும், 'எனக்குத் திருப்தி இல்லை' என்று கேப்டன் மறுக்கலாம்.

எழுதாமல் விட்ட இரண்டு விஷயங்கள்

இந்த நோட்டு எவ்வளவு முக்கியம்? இந்தோனேசியாவில் நடந்ததைப் பாருங்கள். 2018 அக்டோபர் 28 அன்று, லயன் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் விமானத்துக்கு டென்பசாரில் ஒரு சென்சாரை மாற்றினார்கள். புதிதாகப் பொருத்திய சென்சார் 21 டிகிரி தப்பாகக் காட்டியது. அன்றிரவு ஜகார்த்தாவுக்குக் கிளம்பியதுமே கேப்டன் பக்கத்து கன்ட்ரோல் எச்சரிக்கையாக அதிர ஆரம்பித்தது. விமானத்தின் மூக்கு தானாகக் கீழே அழுத்தப்பட்டது. அதைச் செய்த மோட்டாரின் சுவிட்சை அணைத்து, எப்படியோ பத்திரமாக இறக்கிவிட்டார்கள்.

ஆனால் லாக் புக்கில் வேகம், உயரம் காட்டும் கருவிகள் முரண்படுவதையும், ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்ததையும் மட்டுமே எழுதினார்கள். கன்ட்ரோல் அதிர்ந்ததும், சுவிட்சை அணைத்ததும் அதில் இல்லை. ஜகார்த்தா இன்ஜினீயர் எழுதியிருந்ததற்குத்தான் வைத்தியம் பார்த்தார். குழாய்களைச் சுத்தம் செய்தார், சோதித்தார், 'ஓகே' என்று வந்தது. மறுநாள் காலை அதே விமானம் ஜாவா கடலில் விழுந்தது. 189 பேரும் இறந்தார்கள். மூக்கை அழுத்திய எம்கேஸ் மென்பொருளின் வடிவமைப்புக் குறைகளோடு, லாக் புக்கில் விடுபட்ட தகவலையும் விசாரணை அறிக்கை காரணங்களில் ஒன்றாகச் சொன்னது.

நீங்க என்ன செய்யணும்?

* இறக்கையில் பனி, வழியும் திரவம், தீய்ந்த வாசனை... எது தெரிந்தாலும் கேபின் க்ரூவிடம் உடனே சொல்லுங்கள். 'அவங்களுக்குத் தெரியாதா என்ன?' என்று விட்டுவிடாதீர்கள். 1989 மார்ச் 10, கனடாவின் டிரைடன் நகரம். இறக்கையில் பனி படிந்ததைப் பயணிகள் பார்த்தார்கள். அவர்களில் டியூட்டியில் இல்லாத பைலட்களும் இருந்தார்கள். யாரும் காக்பிட் வரை தகவலைக் கொண்டுபோகவில்லை. கிளம்பிய வேகத்தில் விமானம் விழுந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தார்கள்.

* சொல்லும்போது 'பயமா இருக்கு' என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசை, எப்போதிலிருந்து என்று சொல்லுங்கள். போனில் எடுத்த போட்டோ இருந்தால், சோஷியல் மீடியாவுக்கு முன்னால் க்ரூவிடம் காட்டுங்கள்.

* உங்கள் சீட்டில் லைட் எரியவில்லை, பெல்ட் மாட்டவில்லை என்றாலும் சொல்லுங்கள். கேபின் குறைகளுக்கும் தனி லாக் புக் உண்டு.

* எவ்வளவு நேரம் ஆகும், கனெக்டிங் ஃப்ளைட் கிடைக்குமா, சாப்பாடு உண்டா என்று தாராளமாகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால், 'சீக்கிரம் கையெழுத்துப் போட்டு எடுங்க சார்' என்று மட்டும் நெருக்காதீர்கள். அந்தக் கையெழுத்து அவசரத்தில் விழக் கூடாது.