குலுங்கும் நாற்காலி

நடுக்குவாத நோயாளிகள் சிலர், ரயிலிலோ குதிரை வண்டியிலோ நெடுந்தூரம் பயணம் செய்து வந்திறங்கும்போது வழக்கத்தைவிடச் சுகமாக இருப்பதாகச் சொன்னார்கள். பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் அதைக் கவனித்தவர் ஷான் மார்த்தேன் ஷார்க்கோ. நவீன நரம்பியலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். இந்நோய்க்குப் பார்க்கின்சன் என்ற பெயர் நிலைக்கக் காரணமானவர். வண்டியின் குலுக்கல்தான் மருந்து என்றால் நோயாளியை ஏன் ஊர் ஊராக அனுப்ப வேண்டும்? மின்சாரத்தால் அதிரும் ஒரு நாற்காலியைச் செய்வித்து, 1892-இல் அதைப் பற்றி விரிவுரையும் ஆற்றினார். அவருடைய மாணவர் கில் டி லா டூரெட் ஒரு படி மேலே போய், தலையில் அணியும் அதிர்வுக் கவசத்தை உருவாக்கினார். 1893-இல் ஷார்க்கோ இறந்தார். நாற்காலி மெல்ல மறக்கப்பட்டது.

அந்த ஆசை மட்டும் மறையவில்லை. ஊசியும் கத்தியும் இல்லாமல், உடம்பை அசைத்தே மூளையைக் காக்கலாம் என்று சொல்லும் அதிர்வுப் பலகைகளும் அசையும் படுக்கைகளும் இன்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. நான் வாழும் டெக்சஸின் ரவுண்ட் ராக்கில், ஆறு மாதம் தங்க வரும் பெற்றோருக்காக அவற்றின் விலையை விசாரிப்பவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. அது கேலிக்குரியதல்ல. பிள்ளையைத் தூளியில் ஆட்டித் தூங்கவைத்த பரம்பரை நாம். அசைவு உடம்புக்கு இதம் என்பதை நமக்கு யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் இதம் வேறு, காப்பு வேறு.

ஷார்க்கோவின் நாற்காலியை மறுபடி சோதித்துப் பார்த்தவர்கள் சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக மருத்துவர்கள். அவர்களுடைய ஆய்வு 2012-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு அதிர்வும் இதமான ஒலியும், இன்னொரு குழுவுக்கு அதே நாற்காலியில் ஒலி மட்டும். இரண்டு குழுக்களுமே முன்னேற்றம் கண்டன. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நோயாளிக்கு இதம் தந்தது குலுக்கலா, அல்லது அமைதியாக உட்கார்ந்த அரைமணி நேரமும் கிடைத்த கவனிப்புமா என்ற கேள்வியை அது எழுப்பிவிட்டது.

நாள் முழுக்கக் குலுங்குபவர்களை வேறொரு காரணத்துக்காக ஆராய்ந்தவர் லண்டனின் ஜெரி மோரிஸ். 1953-இல் வெளியான அவருடைய ஆய்வில், மாடிப்பேருந்து ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. இருவருக்கும் வண்டி ஒன்று, சாலை ஒன்று. ஓட்டுநர் உட்கார்ந்தே போனார். நடத்துநர் நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கினார். வேலையில் சேரும்போதே ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்ததை, சீருடை அளவுகளைக் கொண்டு பின்னர் மோரிஸே எடுத்துச் சொன்னார். தன் முடிவைத் தானே சந்தேகித்த அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

மோரிஸ் பார்த்தது இதயத்தை. மூளை பற்றிய ஒரு பெரிய கணக்கு நம் ஐ-35 நெடுஞ்சாலையின் இரு நகரங்களில் உருவானது. தெற்கே சான் அந்தோனியோவில் விமானப்படை மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர், 12 நிமிட ஓட்டச் சோதனையை வகுத்து, 1968-இல் 'ஏரோபிக்ஸ்' நூலை வெளியிட்டார். 1970-இல் வடக்கே டாலஸில் தன் மையத்தைத் தொடங்கினார். அங்கே டிரெட்மில்லில் சோதிக்கப்பட்டவர்களில் 19,458 பேரின் பதிவுகளைப் பிற்கால மெடிகேர் பதிவுகளோடு இணைத்த ஆய்வு 2013-இல் வந்தது. உடல்திறனில் கடைசி ஐந்தில் ஒரு பங்கினரைவிட, முதல் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு 36 விழுக்காடு குறைவு.

தரவுகளோடு பிழைப்பு நடத்துபவன் என்ற முறையில், இது தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிறுவவில்லை என்று சொல்லியாக வேண்டும். காரணத்துக்கு இன்னும் நெருக்கமாகப் போனது 2011-இல் வெளியான கிர்க் எரிக்சன் குழுவின் சோதனை. 120 முதியவர்களில் ஒரு பாதியினர் ஓராண்டு, வாரம் மூன்று நாள் வேகமாக நடந்தார்கள். மறு பாதியினர் தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தார்கள். நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் நடந்தவர்களுக்குச் சுமார் 2 விழுக்காடு வளர்ந்தது. மற்றவர்களுக்குச் சுருங்கியது.

ஊரில் பாலுக்கும் கீரைக்கும் கோயிலுக்கும் நடந்தே போய்வந்த அப்பா, ரவுண்ட் ராக்கில் கொத்தமல்லிக் கட்டு வாங்கவும் பிள்ளை கார் எடுக்கும்வரை காத்திருக்கிறார். இங்கே அவர் எங்கும் போவதில்லை, கொண்டுபோகப்படுகிறார். அவருக்கு நாம் வாங்க நினைக்கும் இயந்திரமும் அதையேதான் செய்கிறது. ஏற்கெனவே நடுக்கமோ விழும் அபாயமோ இருந்தால் மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் கேட்டே தொடங்க வேண்டும். மற்றவர்களுக்கு, கோடையில் வெயில் ஏறுமுன் பிரஷி க்ரீக் ஓடையோரப் பாதையில் கூட நடக்க ஓர் ஆள் போதும்.

அந்த ஆள் நாமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டாலஸில் அளக்கப்பட்டது முதியவர்களின் உடல்திறன் அல்ல. சோதனையின்போது அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 50. பெற்றோரின் மறதிக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு நாளெல்லாம் திரைமுன் உட்கார்ந்திருக்கும் நம் வயது அது.