செண்பகம் வந்த வழி

செண்பகம் என்னும் பெயரைக் கேளாத மாணவர் நம்மிடையே இரார். கோவில்பட்டியில் கோயில் கொண்ட அம்மை செண்பகவல்லி. குற்றாலத்து அருவிகளுள் ஒன்று செண்பகாதேவியின் பெயரைத் தாங்கியது. மன்னார்குடிக்குச் செண்பகாரண்யம் என்பது பழம்பெயர். திருநாகேச்சுரத்தில் அதுவே தலமரம். ஆயினும், பெயரை அறிந்தவருள் பலர் மரத்தை அறியார். நாகலிங்க மரத்தைக் காட்டிச் செண்பகம் என்று சொல்வாரையும், மனோரஞ்சிதத்தைக் காட்டி அவ்வாறு சொல்வாரையும் நான் கண்டிருக்கிறேன். ஆகவே, இன்று அம்மரத்தின் வரலாற்றைச் சற்று விரிவாகக் கூற விழைகின்றேன்.

செண்பகம் இலையுதிராப் பசுமரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமிக்க காடுகளில் 30 மீட்டர் உயரம் வரை நேராக ஓங்கி நிற்கும். மலரின் நிறம் பொன்மஞ்சள்; மணமோ ஒரு வீட்டின் முற்றத்தைக் கடந்து அடுத்த வீட்டுக்கும் சென்று சேரும். மேல்நாட்டார் பூங்காக்களில் பெருமையுடன் வளர்க்கும் மக்னோலியா என்னும் மரம் இதற்கு உடன்பிறப்புப் போன்றது. அந்த உறவு எவ்வாறு அறியப்பட்டது என்பதே இப்பேச்சின் பெரும்பகுதி.

நம் இலக்கியத்தில் இம்மரத்தின் தொன்மை சங்க காலத்தைத் தொடும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொகுத்துரைத்த 99 மலர்களுள் சண்பகமும் ஒன்று. மலைநிலத்து மகளிர் குவித்த பூக்களுள் அது இடம்பெற்றது, அது மலைமரம் என்பதற்கும் சான்றாகும். பின்னர் அதனை மலையிலிருந்து சமவெளித் தோட்டத்துக்குக் கொணர்ந்தவர் யார்? காலத்தை வரையறுத்துச் சொல்லுதற்கில்லை. ஆனால், திருவிளையாடற் புராணம் ஒரு பாண்டியனைச் சுட்டுகிறது. வங்கிய சூடாமணி என்னும் அவ்வேந்தன் சொக்கநாதருக்குச் சாத்துவதற்கென்றே செண்பக நந்தவனம் ஒன்று அமைத்தான். அதனாலேயே செண்பகப் பாண்டியன் என்று பெயர் பெற்றான். தருமிக்குப் பொற்கிழி அளித்தவன் அவனே. புராணம் வேறு, வரலாறு வேறு என்பதை நான் மறந்தேனல்லேன். எனினும், ஓர் அரசன் தான் வென்ற போரால் அன்றி, தான் நட்ட மரத்தால் பெயர் பெற்றான் என்று ஒரு நாட்டு மக்கள் நினைவில் வைத்திருப்பது சிறிய செய்தி அன்று.

இனி, நூலேறிய வரலாற்றுக்கு வருவோம். மதுக்கரைக்கு மேற்கே வாளையாற்றைக் கடந்தால் மலையாள நாடு. 17-ஆம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக்காரரின் ஆட்சித் தலைவராக இருந்தவர் ஹென்றிக் வான் ரீடு. அவர் மலையாள நாட்டுத் தாவரங்களைத் தொகுத்து, 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் இலத்தீன் நூலை வெளியிடச் செய்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. முதல் தொகுதியிலேயே 'சம்பகம்' என்ற நம் நாட்டுப் பெயரோடு இம்மரத்தின் படம் அச்சாயிற்று. அந்நூலுக்கு வேண்டிய அறிவைத் தந்தவருள் முதன்மையானவர் சேர்த்தலைப் பகுதியைச் சார்ந்த இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். தம் குடும்பத்தார் வழிவழியாகக் காத்து வந்த ஏட்டுச்சுவடிகளின் துணையால் அவர் செடிகளின் பெயரையும் குணத்தையும் எடுத்துரைத்தார். அதனை அவரே உறுதிசெய்து 1675-இல் எழுதித் தந்த வாக்குமூலம் முதல் தொகுதியில் அச்சிடப்பட்டுள்ளது. பிறர் அறிவைப் பெற்றுக்கொண்டு பெயரை மறைத்தவர் பலர் வாழ்ந்த அந்நாளில், வான் ரீடு அவ்வாறு செய்யாதது பாராட்டுக்குரியது. நூல் இலத்தீனில் இருந்தமையால், அச்சுதனின் நாட்டாருக்கே அது நெடுங்காலம் எட்டாக்கனியாயிற்று. பேராசிரியர் கே. எஸ். மணிலால் பல்லாண்டுகள் உழைத்து முடித்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2003-இல்தான் வெளிவந்தது.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் உலகத் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டியபோது, வான் ரீடின் நூல் அவர் கையில் இருந்தது. நம் மரத்துக்கு 'மிச்சேலியா சம்பகா' என்று பெயரிட்டார். முன்பெயர், பிளாரன்சு நகரத்துத் தாவரவியலார் மிச்சேலியை நினைவுகூர்வது. அவர் காளான்களை ஆராய்ந்து புகழ் பெற்றவர். இந்தியாவை மிதித்தவர் அல்லர். மக்னோலியா என்னும் பெயரும் இத்தகையதே. பிரெஞ்சு நாட்டு மொம்பெலியே நகரில் வாழ்ந்த பியேர் மக்னோல் (1638-1715) தாவரங்களைக் குடும்பம் குடும்பமாக வகுக்கலாம் என்ற கருத்தை வழங்கியவர். மேற்கிந்தியத் தீவுகளில் கண்ட ஒரு மரத்துக்கு 1703-இல் பிளுமியே என்னும் துறவி அவர் பெயரைச் சூட்டினார்.

அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து பெருமலர் மக்னோலியா இங்கிலாந்துக்கு வந்து, 1737-இல் இலண்டனையடுத்த ஒரு தோட்டத்தில் மொட்டு விட்டது. எரட் என்னும் ஓவியர், அம்மொட்டு விரியும் ஒவ்வொரு நிலையையும் வரைவதற்காகச் செல்சியிலிருந்து நாள்தோறும் நடந்து சென்று வந்தாராம். ஒரு பூவுக்காக அன்றாடம் நடந்தவரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நம் கொங்கு நாட்டிலும் அத்தகையோர் இருந்தனர். இராபர்ட் வைட் என்னும் மருத்துவர் 1842-இல் கோயம்புத்தூருக்கு வந்து, அமெரிக்கப் பருத்தியை இங்குப் பயிரிடும் சோதனைக்குப் பொறுப்பேற்றார். பருத்தி அவருடைய உத்தியோகம். தாவரவியலே அவருடைய உயிர். அவர் வெளியிட்ட ஆறு தொகுதி ஓவிய நூலுக்குப் படம் எழுதியவர் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர். கோவிந்துவின் கைத்திறனுக்கு நன்றியாக, ஆர்க்கிட் இனத்துப் பேரினம் ஒன்றுக்குக் 'கோவிந்தூயா' என்று வைட் பெயரிட்டார். பருத்திச் சோதனை மட்டும் எதிர்பார்த்த பயன் தரவில்லை. அமெரிக்கச் செடி நம் வானம்பார்த்த நிலத்தை ஏற்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே அமெரிக்க இனத்தைச் சார்ந்த கம்போடியாப் பருத்தி கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் செழித்தபோதுதான் அக்கனவு நிறைவேறிற்று. (கொங்கு நாட்டில் தோட்டம் என்றாலே கிணறுள்ள நிலம் என்பதை வெளியூர் மாணவர் அறிந்துகொள்க.)

நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அம்மலைச் சோலைகளில் வெண்மலர் பூக்கும் காட்டுச் செண்பகம் ஒன்று உண்டு. ஷ்மிட் என்னும் பாதிரியார் அங்குத் திரட்டிய செடிகளைக் கொண்டு, செருமானிய அறிஞர் சென்கர் 1835 முதல் வெளியிட்ட நூலின் தலைப்பே, நீலகிரியைக் 'கோயம்புத்தூர் மலைகள்' என்று குறிக்கிறது. அவர் அக்காட்டுச் செண்பகத்துக்கு 'நீலகிரிக்கா' என்று பெயரிட்டார். பெருமலர் மக்னோலியாவைக் காண விரும்புவோர் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குச் செல்லலாம். 1874-இல் தோன்றிய அப்பூங்காவில் மக்னோலியாவும் வளர்கிறது.

மிச்சேலியாவும் மக்னோலியாவும் வேறல்ல என்ற ஐயம் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. செண்பகம் இலைக்கோணத்தில் பூக்கும், மக்னோலியா கிளை நுனியில் பூக்கும் என்பதே முன்னோர் கண்ட பெரிய வேற்றுமை. அண்மைக் காலத்து மரபணு ஆய்வுகள் அவ்வேற்றுமை மேற்போக்கானது எனக் காட்டின. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அறிஞருள் பெரும்பாலோர் நம் மரத்தை 'மக்னோலியா சம்பகா' என்றே எழுதுகின்றனர். பேரினம் மாறினாலும் சிற்றினப் பெயர் மாறலாகாது என்பது தாவரவியல் விதி. மிச்சேலியின் பெயர் உதிர்ந்தது. கோவிந்துவின் பெயரும் அவ்வாறே வேறொரு பேரினத்துள் மறைந்தது. அச்சுதன் சொன்ன சம்பகம் மட்டும் நின்றது.

மதுக்கரையில் இம்மரத்தை வளர்க்கலாமா என்று மாணவர் என்னைக் கேட்பதுண்டு. இவ்வூரின் பெருமை சுண்ணாம்புக்கல். 1930-களில் இங்குச் சிமெண்ட் ஆலை எழுந்ததற்கும் அதுவே காரணம். நாலடி தோண்டினால் சுக்கான்கல் தட்டுப்படும் இடங்கள் உண்டு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து கரையாமல் அடைபட்டுவிடும். செண்பகத்தின் வேர் அதைப் பெறாது. தளிர் மஞ்சளித்து, நரம்பு மட்டும் பசுமையாக நிற்கும். பெருமலர் மக்னோலியாவின் தாயகம் நம்மூரைப் போலவே கோடையில் வெம்மை மிக்கது. ஆனால், அங்கு மழை மிகுதி. ஆகவே, இங்குள்ள குறை வெப்பம் அன்று, ஈரமே.

பெரிய தோட்டமும் வற்றாத கிணறும் உடையவர் செண்பகத்தையே தேர்ந்தெடுப்பது நன்று. குழியை அகலமாகத் தோண்டி, சுக்கான்கல்லை நீக்கிச் செம்மண்ணும் இலைமக்கும் நிரப்புக. அடித்தளத்தில் நீர் தேங்கலாகாது. காய் வெடித்தவுடன் விதையை எடுத்து, அதன்மேலுள்ள செந்நிறச் சதையை மணலில் தேய்த்துக் கழுவி, உடனே ஊன்றுக. எண்ணெய்ப் பசை மிக்க இவ்விதை சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழக்கும். முளை வெளிவர இரண்டு மூன்று மாதங்கள் ஆயினும் பாத்தியைக் கிளறாது காத்திருக்க வேண்டும். விதைக்கன்று பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று விரைவில் பூக்கும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று இளங்கிளையை ஒடித்துவிடும். ஆதலால், மேற்குப் புறத்தில் வேம்பு, புங்கு போன்ற மரங்களை முன்னரே வளர்த்துவிட்டு, அவற்றின் மறைவில் கன்றை நட்டு, முதல் இரண்டு கோடைகளில் கீற்றுப்பந்தல் இடுக.