சூன்யத்தைப் பதிவு செய்த தட்டு

பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்கும் இங்கிலாந்து ரசிகர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஜாய் டிவிஷன் என்னும் நால்வர் குழுவின் 'அன்னோன் பிளஷர்ஸ்' கைக்கு அகப்பட்டதும், விலை பேசுவதற்கு முன்னால் மேலுறையை விரல் நுனியால் தடவி, அது சொரசொரப்பாக இருக்கிறதென்று திருப்தியடைந்த பிறகு, தட்டை உருவி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். கன்னங்கரேலென்று தோன்றும் அந்தத் தட்டு, முதல் அச்சைச் சேர்ந்த பிரதிகள் பலவற்றில், வெளிச்சம் ஊடுருவும்போது மாதுளை முத்தின் சிவப்பைக் காட்டும். 1979 ஜூன் மாதம் மான்செஸ்டர் நகரத்து ஃபாக்டரி ரிக்கார்ட்ஸ் என்ற சிறு ஸ்தாபனம் அச்சிட்ட முதல் 10,000 பிரதிகளில் ஒன்றா, பிற்காலத்து மறுபதிப்பா என்பதை நிர்ணயிப்பதற்கே இத்தனை பரீட்சையும். முதற்பதிப்பு மோகம் பெரும்பாலும் வீண் டம்பம் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆயினும் இந்த ஒரு தட்டைப் பொறுத்தமட்டில், பிரதியின் நிலைமையைப் பற்றி விசாரப்படுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

அந்தக் காரணத்தைச் சொல்லுமுன் குழுவின் பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1976 ஜூன் 4-ஆம் தேதி மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு நடத்திய கச்சேரியைக் கேட்ட பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹூக் என்ற இரு சால்ஃபோர்டு இளைஞர்கள், சங்கீதப் பயிற்சி ஏதுமில்லாதவர்கள், தாங்களும் வாசிப்பதென்று நிச்சயித்தார்கள். ஹூக் மறுநாளே ஒரு பேஸ் கிட்டார் வாங்கிவிட்டார். பாடுவதற்கு இயன் கர்ட்டிஸும், டிரம்ஸ் வாசிப்பதற்கு ஸ்டீஃபன் மாரிஸும் வந்து சேர்ந்தனர். முதலில் வார்ஸா என்று பெயர் வைத்துக்கொண்டு, லண்டனில் ஏறக்குறைய அதே பெயருடன் வேறொரு குழு இருந்தபடியால், 1978-இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

மேடையில் அவர்களுடைய வாசிப்பு காதைப் பிளக்கும் வேகமும் ஆவேசமும் கொண்டது. 1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஒலிப்பதிவுக் கூடத்திற்கு அவர்கள் சென்றபோது, அந்த ஆவேசத்தை அப்படியே தட்டில் ஏற்றிவிடலாம் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அங்கே அவர்களுக்கு வாய்த்த தயாரிப்பாளரோ மார்ட்டின் ஹானட். ரசாயன சாஸ்திரம் படித்துப் பட்டம் பெற்றவர். ஒலிகளைக் கலப்பதைக் காட்டிலும் பிரித்து வைப்பதிலேயே அதிக சிரத்தை காட்டியவர். டிரம்ஸின் ஒவ்வொரு பகுதியையும் மாரிஸ் தனித்தனியாக வாசிக்கும்படி செய்து, ஒன்றின் நாதம் மற்றொன்றில் கசியாதவாறு பதிவு செய்து, அவற்றின்மீது அக்காலத்தில் புத்தம் புதிதாக வந்திருந்த ஏ.எம்.எஸ். டிஜிட்டல் கருவியைப் பிரயோகித்து, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஆளரவமற்ற மண்டபத்தில் நிற்பது போன்ற பிரமையை உண்டாக்கினார். கட்டிடத்து லிஃப்ட்டின் இரைச்சல் ஒரு பாட்டில் புகுந்தது. கண்ணாடி உடையும் ஓசை மற்றொன்றில். ஸ்ப்ரே டப்பாவின் சீறல் இன்னொன்றில் தாளமாயிற்று. கிட்டார் பின்னே தள்ளப்பட்டது. பக்கவாத்தியமாக அடங்கியிருக்க வேண்டிய பேஸ் கிட்டாரோ, உச்ச ஸ்தாயியில் ஏறி, மெட்டையே தாங்கி முன்னால் நடந்தது.

தட்டைக் கேட்ட சம்னருக்கும் ஹூக்குக்கும் அது சற்றும் பிடிக்கவில்லை. தங்கள் ரத்தத்தை வடித்துவிட்டு எலும்பை மட்டும் ஹானட் பதிவு செய்துவிட்டதாகவே அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். வாசித்தவர்களின் மனத்தாங்கலை அனுதாபத்துடன் புரிந்துகொள்ளலாமே தவிர, அதை ஒப்புக்கொள்வதற்கில்லை. ஹூக்கே பின்னாளில் ஹானட் நல்ல வேலைதான் செய்தாரென்று ஒத்துக்கொண்டிருக்கிறார். பங்க் சங்கீதம் தன் கோபத்தைத் தீர்த்துக்கொண்டபின் அடுத்த அடியை எங்கே வைப்பதென்று அறியாமல் நின்ற வேளையில், போஸ்ட்-பங்க் என்று பிற்பாடு பெயர் பெற்ற மார்க்கத்துக்கு இடைவெளியையும் நிசப்தத்தையும் வாத்தியங்களாகக் கையாளக் கற்றுத் தந்த தட்டுகளில் இது முக்கியமானது.

கைமாறி வந்த பிரதியின் நிலைமைக்கு இங்கேதான் முக்கியத்துவம் ஏற்படுகிறது. இரைச்சல் மிகுந்த பங்க் தட்டில் ஊசி கொறிக்கும் சத்தம் வாத்தியங்களோடு வாத்தியமாக மறைந்துவிடும். ஆனால் ஹானட் அரும்பாடுபட்டுத் துடைத்து வைத்த வெறுமையில், முந்தைய சொந்தக்காரரின் தேய்ந்த ஊசியும் அவர் வீட்டுத் தூசியும் பாடகரின் குரலுக்குச் சமமாக எழுந்து நிற்கும். கடைசிப் பாட்டை அப்படிப்பட்ட ஒரு பிரதியில் கேட்பவருக்கு, கண்ணாடி உடைவது ஹானட்டின் கற்பனையா அல்லது தட்டின் கீறலா என்று ஒரு கணம் சந்தேகம் வரும். குறைந்த விலைக்குக் கிடைக்கிறதென்று கீறல் விழுந்த பிரதியை வாங்குவதைவிட, சுத்தமான மறுபதிப்பை வாங்குவது மேல்.

மேலுறையிலும் இதே வெறுமைதான். பீட்டர் சாவில் அமைத்த அந்தக் கறுப்பு அட்டையின் முகப்பில் குழுவின் பெயரும் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. நடுவே மலைத்தொடர் போன்று அடுக்கிய வெள்ளைக் கோடுகள் மாத்திரம். அவை 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோஸலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி முதன்முதலாகக் கண்டறிந்த துடிவிண்மீன் அனுப்பிய ரேடியோ துடிப்புகள், 80 துடிப்புகள், ஒன்றன்கீழ் ஒன்றாக வரையப்பட்டவை. வெள்ளையில் கறுப்பாக இருந்த படத்தை வானசாஸ்திரக் கலைக்களஞ்சியம் ஒன்றிலிருந்து எடுத்து, கறுப்பில் வெள்ளையாகத் திருப்பினார் சாவில். அதைத் தம் ஆராய்ச்சிக்காக வரைந்தவர் ஹெரால்ட் கிராஃப்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி. சட்டைகளிலும் கோப்பைகளிலும் அந்தச் சித்திரம் உலகெங்கும் பரவிய பின்னும் அவர் பெயர் நெடுநாள் வெளியே தெரியவில்லை. துடிவிண்மீனுக்காக 1974-இல் நோபெல் பரிசு அளித்தபோது, அது ஜோஸலின் பெல்லின் பேராசிரியரான ஹூவிஷுக்குப் போயிற்றே ஒழிய பெல்லுக்கு வரவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அந்த நட்சத்திரம் 1.337 விநாடிக்கு ஒருமுறை துடிக்கிறது; தட்டோ ஒரு சுற்றுச் சுற்றி வர 1.8 விநாடி எடுத்துக்கொள்கிறது.

இந்த வெறுமையின் நடுவே ஒலிக்கும் குரலுக்கு உரியவரான இயன் கர்ட்டிஸ் மாக்கிள்ஸ்ஃபீல்டில் உடற்குறையுள்ளோருக்கு வேலை தேடித் தரும் அரசாங்க அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தவர். அங்கே வந்துபோன, வலிப்பு நோய் கண்ட ஒரு பெண்ணின் கதியை நினைத்து அவர் எழுதியதே 'ஷீ'ஸ் லாஸ்ட் கன்ட்ரோல்'. அது தட்டில் பதிவாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, அதே நோய் அவருக்கும் இருப்பதாக வைத்தியர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கச்சேரிகளும் இரவுப் பிரயாணங்களும் நோயை முற்றச் செய்தன. அமெரிக்காவுக்குப் புறப்பட இருந்த தருணத்தில், 1980 மே 18-ஆம் தேதி, 23 வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

லாபத்தைப் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொள்வதென்ற பெருந்தன்மையான ஏற்பாட்டுடன் டோனி வில்சனும் நண்பர்களும் நடத்திய ஃபாக்டரியின் இந்த முதல் நெடுந்தட்டு, பத்திரிகைகள் புகழ்ந்தும், மெதுவாகவே விற்றது. கர்ட்டிஸ் இருந்தவரையில் அது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இடம்பெறவேயில்லை. 1980 ஆகஸ்டில்தான் 71-ஆம் இடத்தைத் தொட்டது. அதற்குள் ஜாய் டிவிஷனின் இரண்டாவது தட்டாகிய 'குளோஸர்' 6-ஆம் இடம் வரையில் ஏறியிருந்தது. அதன் வரலாறு அடுத்த வாரம்.