புதுச்சேரியில் இரண்டான விண்மீன்

இரவு வானில் காணும் விண்மீன்களுள் ஒளியில் மூன்றாவதாக விளங்குவது ஆல்பா செண்டாரி. தமிழ்நாட்டில் வைகாசி முன்னிரவில் தென்திசையில் தாழ்ந்து தோன்றும். தில்லியிலோ தொடுவானை ஒட்டி எழுந்து உடனே மறைந்துவிடும். வடக்கே வாழும் நம் பிள்ளைகள் அதனைக் காணாமலே வளர்கின்றனர். ஆதலின் அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி தமது விண்மீன் அட்டவணையில் இதனைச் சேர்த்தார். 1603-இல் ஜெர்மானியரான பேயர் ஆல்பா என்னும் கிரேக்க முதலெழுத்தை இதற்கு வழங்கினார். ஆயினும் அனைவரும் இதனை ஒரு மீன் என்றே எழுதினர்.

அஃது இரண்டு என்பது தெரியவந்தது நம் கரையிலேதான். சயாம் நாட்டில் 1688-இல் நிகழ்ந்த புரட்சிக்குப் பின் ழான் ரிஷோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் அவர் தொலைநோக்கியால் ஒரு வால்மீனை ஆராய்ந்துவந்தார். அப்போது ஆல்பா செண்டாரி இரு மீன்களாகப் பிரிந்து தெரியக் கண்டு குறித்துவைத்தார். தாம் தேடாத ஒன்றையும் விடாது குறித்தமையே அவர் செய்த தொண்டு.

1832, 1833-ஆம் ஆண்டுகளில் ஹெண்டர்சன் நன்னம்பிக்கை முனையிலிருந்து அதன் தொலைவை அளந்தார். ஆனால் கணக்கை உடனே வெளியிட்டாரல்லர். 1838-இல் பெஸ்ஸல் வேறொரு விண்மீனின் தொலைவை வெளியிட்டு முதன்மை பெற்றார். ஹெண்டர்சனின் கணக்கு 1839-இல்தான் வெளிவந்தது. கட்டுக்குள் உறங்கும் கணக்கால் பயனில்லை என்பதை எழுத்தர் பணியிலுள்ள நாம் நன்கறிவோம். சென்னை வானாய்வுக்கூடத்து டெய்லரோ 11,015 விண்மீன்களின் இடங்களை அட்டவணையாக்கி 1844-இல் வெளியிட்டார்.

பின்னர் வந்த ஹென்றி டிரேப்பர் அட்டவணையில் இரட்டையருள் பெரியதன் எண் 128620. சிறியதன் எண் 128621. பெரியது நம் ஞாயிற்றின் இனத்து மஞ்சள் மீன். பொருண்மையில் ஞாயிற்றைவிட ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கும், விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கும் மிகுந்தது. சிறியது ஞாயிற்றினும் சற்று வெப்பம் குறைந்தது. ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகும். அவற்றின் ஒளி நம்மை அடைய நான்கு ஆண்டுகளுக்குமேல் செல்லும்.

கோடை விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள், மே மாத இறுதியில் இரவு ஒன்பது மணியளவில் தெற்கு நோக்கி நிற்பார்களாக. அடிவானுக்குச் சற்று மேலே அருகருகே ஒளிரும் இரு மீன்களுள் இடப்புறத்தது ஆல்பா செண்டாரி. வெறுங்கண்ணுக்கு அஃது ஒன்றாகவே தோன்றும். அதனை இரண்டென்று கண்ட இடம் புதுச்சேரி என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுவார்களாக.