பதிவேட்டுப் பெயரும் பக்கத்து வளவு அடுக்களையும்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் ஓர் உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கினர். அது 1855இல் மூடப்பட்டது. 32 ஆண்டுகளே நிலவிய அச் சிறு கூடத்தில் பயின்றவர்களே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். தொல்காப்பியப் பகுதிகளையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றித் தமிழுலகுக்கு அளித்தவர் தாமோதரம்பிள்ளை என்பதை ஆசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின் இத்தகையோர் அக் கூடத்தில் எவ்வாறு சேர்க்கப்பட்டனர், எங்கே உண்டு உறங்கினர் என்பன அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கூடத்தை நிறுவியவர்கள் அதனைக் கல்லூரி என்றே கருதினர்; திட்டமும் அப்படியே வரைந்தனர். ஆனால் இலங்கையின் பிரித்தானிய அரசு அதற்கு இசையவில்லை. அமெரிக்கர் அயல் நாட்டவர் அல்லரோ! ஆதலின் செமினரி என்ற பெயரே நிலைத்தது. முதல் தலைவர் டானியல் பூவர். பின் வந்த ஹோய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1854இல் வெளியிட்டவர். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானநூலும் அங்கே கற்பிக்கப்பட்டன.

கற்பதற்கு முன் மாணவன் அங்கே தங்கவேண்டும். வீட்டிலிருந்து நாள்தோறும் வந்து போகும் பிள்ளையின் மனத்தில் தம் போதனை வேரூன்றாது என்பது மிஷனரிமார் கொள்கை. எனவே உண்டி, உடை, உறையுள் மூன்றையும் தாமே தந்து விடுதியிற் சேர்த்தனர். அதற்குப் பணம் வேண்டுமே! அமெரிக்காவிலுள்ள பக்தர்களும் சங்கங்களும் ஆளுக்கொரு பிள்ளையைத் தாங்குவதாக ஒப்புக்கொண்டு ஆண்டுதோறும் பணம் அனுப்பினர். அவ்வாறு அனுப்புவோருக்கு ஓர் உரிமையும் இருந்தது. தாம் தாங்கும் பிள்ளைக்குப் பெயர் சூட்டலாம். தம் பெயரையோ, மறைந்த போதகர் ஒருவரின் பெயரையோ குறித்தனுப்புவர். அதுவே விடுதிப் பதிவேட்டில் ஏறும். விசுவநாதன் கறோல் ஆனதும், சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனதும், சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும் இவ் வழியே. 1841இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்போர். பெயரை மட்டும் பார்ப்பவர் இவர்களை வெள்ளைக்காரர் என்றே எண்ணுவர். இருவரும் இக் கூடத்திற் பயின்ற தமிழரே.

ஒரு பிடி சோற்றுக்காகப் பிள்ளையின் பெயரையே விட்டுக்கொடுத்தனரா பெற்றோர்? அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டலாகாது. பெயரை விட்ட அதே பெற்றோர் சோற்றை விடவில்லை. மிஷன் விடுதிகளின் தொடக்க நாட்களில், கிறிஸ்தவர் வளவுக்குள் சமைத்ததை எம் பிள்ளை உண்ணான் என்று உறுதியாக நின்றனர். முடிவில் இறங்கி வந்தவர் மிஷனரிமாரே. சைவர் ஒருவருக்கு உரிய பக்கத்து வளவில் அடுக்களை எழுப்பப்பட்டது. பிள்ளைகள் இங்கே பாடங் கேட்டு, வேலி கடந்து அங்கே போய் உண்டு மீண்டனர்.

கிணற்று வழக்கு இதனினும் சுவையானது. இலங்கை அரசில் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், இலங்கையிற் கிறிஸ்தவம் பற்றித் தாம் 1850இல் வெளியிட்ட நூலில் இதனைக் குறித்திருக்கிறார். மிஷனரிமார் புழங்கிய கிணறு தீட்டுப்பட்டது. அதனை முற்றும் இறைத்தால்தான் குடிப்போம் என்றனர் மாணவர். இறைக்க இறைக்க ஊற்றுச் சுரந்துகொண்டே இருந்தது. முன்பு கிணற்றிலிருந்த அளவு நீரை இறைத்தாயிற்று, இனி உள்ளது புது நீரே என்று தம்முள் அமைதி கண்டனராம். தருக்கம் படிக்க வந்த பிள்ளைகள் அதனை முதலிற் பயன்படுத்திய இடம் கிணற்றடி போலும்!

சோறும் நீரும் உடம்பிற் சேர்வன. ஊரார் கண்ணிற் படுவன. சாதிக் கட்டு அவற்றைச் சுற்றியே நின்றது. பதிவேட்டுப் பெயரோ ஏட்டளவில் நிற்பது. விடுமுறைக்கு வீடு சென்றால் தாய் அழைப்பது பழைய பெயரையே. ஆகவே பெற்றோர் எதைக் கொடுத்தால் இழப்புக் குறைவு என்று எண்ணிப் பார்த்தே கொடுத்தனர் என்று கொள்வதே பொருத்தம். இங்கே மற்றொன்றும் சொல்லாமல் விடலாகாது. வேளாளர் மனங்கோணாதபடி அமைத்த அடுக்களையில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைக்கு இலை விழ வழியில்லை. மிஷனரிமாரின் விட்டுக்கொடுப்பிற்கு விலை கொடுத்தோர் அவர்களே. காலம் செல்லச் செல்ல உணவுத் தடை தளர்ந்தது. ஆங்கிலக் கல்வியால் அரசாங்க உத்தியோகம் கிடைக்கும் என்று கண்டபின் வசதியுள்ளோர் பணங் கொடுத்தும் பிள்ளைகளைச் சேர்க்க முன்வந்தனர்.

பெயர் ஏட்டளவில் நின்றது என்பதற்குக் கறோல் விசுவநாதபிள்ளையே சான்று. சைவரோடு வாதிட்டு எழுதிய அவர் பிற்காலத்திற் சைவத்திற்கே திரும்பினார். தாமோதரம்பிள்ளையும் சைவராகவே வாழ்ந்து ஏடு தேடினார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையோ இறுதிவரை கிறிஸ்தவராக நின்றவர். இருந்தும் 1886இல் பாவலர் சரித்திர தீபகம் எழுதியபோது பழந்தமிழ்ப் புலவர் வரலாற்றையே தொகுத்தார். அமெரிக்கக் கொடையாளர் வாங்கியது ஒன்று, விளைந்தது வேறொன்று.

அதுவே கூடத்திற்கு வினையுமாயிற்று. 1855இல் பாஸ்டனிலிருந்து ரூபஸ் அண்டர்சன் முதலானோர் தூதுக்குழுவாக வந்து பார்த்தனர். உத்தியோகம் தேடுவோரை உருவாக்கவா நம் மக்கள் பணம் அனுப்பினர் என்பது அவர்கள் வினா. மிஷன் தாய்மொழிவழிப் பள்ளிகளில் கருத்தைச் செலுத்துக என்று முடிவாயிற்று. செமினரி மூடப்பட்டது, விடுதியும் ஒழிந்தது. ஊரார் அதனை மறக்கவில்லை. பழைய மாணவரும் உள்ளூர்க் கிறிஸ்தவரும் விடாது முயன்றதன் பயனாக 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. அதிலும் அதனையொத்த பள்ளிகளிலும் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தவர் பலர் பின்னர் கப்பலேறி, மலாயாவின் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாக அமர்ந்தனர்.