அமெரிக்கப் பெருங்கார்களும் நம் குடும்பங்களும்

மோட்டார் வண்டி ஐரோப்பாவில் பிறந்தது என்பதை மறுப்பார் இலர். ஆயினும் அதனைச் செல்வர் மாளிகையின் அணிகலன் என்னும் நிலையினின்று இறக்கி, மனைவி மக்களோடு வாழும் எளிய இல்லறத்தானின் உடைமையாக ஆக்கிய பெருமை அமெரிக்க நாட்டிற்கே உரியது. 1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட ‘மாடல் டி’ கார், தொடக்கத்தில் 850 டாலருக்கு விற்றது. வண்டி நகர்ந்து தொழிலாளரிடம் வர, அவர் நின்ற இடத்திலேயே நின்று ஒரே வேலையைச் செய்யும் முறையை 1913இல் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் அவர் நிறுவினார். விலை படிப்படியாகச் சரிந்து, 1925இல் அவ்வகையின் மிக மலிவான வண்டி 260 டாலருக்குக் கிடைத்தது. 1927இல் அதன் உற்பத்தி நின்றபோது 150 இலட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன. அந்நாட்டு உழவர், ஞாயிறன்று அதில் குடும்பத்தோடு கோயிலுக்குச் செல்வர். திங்களன்று அதன் பின்சக்கரத்தில் வார் மாட்டிக் கதிரடிப்பர். காருக்குக் குடும்பத்தில் ஓர் உறுப்பினரின் இடம் கிடைத்தது அப்போதுதான்.

ஃபோர்டின் வண்டி மலிவானது. ஆனால் ஒரே அச்சில் வார்த்தது. மனிதர் ஆசை அவ்வாறு ஒரே அச்சில் நிற்பதில்லை என்பதை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் உணர்ந்தார். செவர்லே, பாண்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக், காடிலாக் என ஏணிப்படிகளைப் போல் கார்களை வரிசைப்படுத்தினார். ஒருவர் உத்தியோகத்தில் எந்தப் படியில் இருக்கிறார் என்பதை அவர் வீட்டு வாயிலில் நிற்கும் காரைக் கண்டே அண்டை வீட்டார் அறிந்துகொள்ளும் காலம் வந்தது. 1929இல் ஆறு சிலிண்டர் செவர்லேயும், 1932இல் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் வி-8 காரும் வந்தன. வால்டர் கிரைஸ்லர் 1928இல் பிளிமத் காரை, நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்குடன் மலிவு விலைக்கு அளித்தார். அடுத்த பல ஆண்டுகளுக்கு அமெரிக்கக் குடும்பங்கள் பெரும்பாலும் இம்மூன்றனுள் ஒன்றையே வாங்கின.

இக்கார்கள் இந்தியாவிற்கு ஏன் இத்துணை ஏற்றவையாயின என்பதற்குச் சுவையான காரணம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1921 முதல் காருக்கு வரி, எஞ்சினின் குதிரைத் திறனைக் கொண்டு விதிக்கப்பட்டது. அத்திறனையோ மெய்யாக அளந்தாரல்லர். சிலிண்டரின் குறுக்களவைக் கொண்டு கணக்கிட்டனர்! ஆதலின் ஆங்கிலேயர் வரிக்கு அஞ்சிக் குறுகிய சிலிண்டர்களும் சிறிய எஞ்சின்களும் உடைய கார்களைச் செய்தனர். அவை அவர்தம் நாட்டுச் சாலைகளுக்குப் பொருந்தின. நம் நாட்டின் செம்மண் பாதையிலும் மலைக் கணவாயிலும் அவை அடிக்கடி கியர் மாற்றச் சொல்லி முனகின. அமெரிக்கக் காருக்கு அத்தகைய தளை இல்லை. பெரிய எஞ்சின், குறைந்த வேகத்திலும் மிகுந்த இழுவை, தரையினின்று நல்ல உயரம், குழிகளைப் பொருட்படுத்தாத வலிய வில்கள் ஆகியவை அதன் இயல்பு. தம் நாட்டுப் பண்ணைச் சாலைகளை மனத்திற்கொண்டு அவர்கள் செய்தது நம் சாலைகளுக்கும் பொருந்திவிட்டது.

1928இல் ஜெனரல் மோட்டார்ஸ், பம்பாய்ச் சிவ்ரியில் காரின் உறுப்புகளைக் கப்பலில் பெட்டிகளாகக் கொணர்ந்து பூட்டும் தொழிற்சாலையைத் தொடங்கியது. இந்தியாவில் கார் பூட்டும் தொழிலுக்கு அதுவே தொடக்கம். ஃபோர்டு நிறுவனம் தன் கனடாக் கிளையின் வழியாக வந்து, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய துறைமுக நகரங்களில் வேலை நடத்தியது. பிரிட்டிஷ் ஆட்சிப் பரப்பின் பெரும்பகுதி அக்கனடாக் கிளையின் உரிமையில் இருந்தமையே காரணம். தென்னாட்டில் மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் குழுமத்தார், ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் விற்பனையாளராக விளங்கினர். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் அரிதானபோது, கரியை எரித்து வாயு உண்டாக்கும் கலத்தைப் பூட்டி வண்டிகளை ஓட்டிய செய்தியை நம் பாட்டனார் தலைமுறையினர் கதை கதையாகச் சொல்வர்.

போருக்குப்பின் நம்மவரே தொழிலில் இறங்கினர். 1944இல் வால்சந்த் ஹீராசந்த் நிறுவிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லர் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, 1947 முதல் குர்லாவில் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ கார்களைப் பூட்டியது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கர் கார்களைப் பூட்டியது. இங்கே ஓர் இரகசியத்தைச் சொல்லிவிடுதல் நலம். எங்கள் கட்டடத்தில் டாட்ஜ் வைத்திருந்தவரும் டிசோட்டோ வைத்திருந்தவரும், யாருடைய கார் உயர்ந்தது என்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டதுண்டு. மெய்யாக நோக்கின், வெளிநாடுகளுக்கென அனுப்பப்பட்ட டாட்ஜ் கிங்ஸ்வேயும் டிசோட்டோ டிப்ளமாட்டும், முகப்பின் வலைக்கம்பியும் பெயர்த்தகடும் மாறிய பிளிமத் கார்களே. மூன்று பெயரில் ஒரே பிள்ளை!

அக்காலப் பிளிமத்தின் கூரை மிக உயர்ந்தது. தொப்பி அணிந்தவர் தொப்பியோடே அமர வேண்டும் என்று கிரைஸ்லர் நிறுவனத் தலைவர் கே. டி. கெல்லர் பிடிவாதமாக இருந்தார். அமெரிக்க மக்கள் தாழ்ந்து நீண்ட கார்களை விரும்பத் தொடங்கிய காலத்தில் அப்பிடிவாதம் அந்நிறுவனத்திற்கு விற்பனையில் இழப்பையே தந்தது. ஆனால் நம் நாட்டில், தலைப்பாகை அணிந்த பெரியவர்க்கும், புடைவை கசங்காமல் ஏறி இறங்க விரும்பிய தாய்மார்க்கும் அது வரமாயிற்று.

மாட்டுங்காவில் என் பெரியப்பாவிடம் இருந்தது 1951ஆம் ஆண்டுச் செவர்லே, சிவ்ரியில் பூட்டப்பட்டது. ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றிய அவர், புதிய கார் வாங்கும் நிலையில் இல்லை. சிறிய கார்களுக்கோ பதிந்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே 1959இல் அதனை இரண்டாம் கையாக வாங்கினார். பெரிய எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கும் என்று பலரும் அஞ்சியதால், அத்தகைய கார் சிறிய காரைவிட மலிவாகக் கிடைத்தது என்பது இன்றைய இளைஞர்க்கு வியப்பாக இருக்கலாம். காலனுக்கு 15 மைல் கொடுத்தால் பெரியப்பா மகிழ்வார். ஞாயிறன்று மட்டுமே கார் வெளியே வரும். மற்ற நாள்களில் அவர் புறநகர் ரயிலில்தான் அலுவலகம் சென்றார்.

அதன் முன்னிருக்கை இக்காலத்தைப் போல் இரண்டாகப் பிளந்ததன்று. சோபாவைப்போல் ஒரே நீட்டு. கியர்த் தண்டு தரையில் இல்லாமல் ஸ்டியரிங் அருகே இருந்ததால் நடுவிலும் ஒருவர் தாராளமாக அமரலாம். முன்னே மூவர், பின்னே நால்வர், மடிகளிலும் கால் வைக்கும் இடத்திலும் பிள்ளைகள் என ஒருமுறை பதினொருவர் புனேக்குச் சென்றோம். பாட்டிக்கு இடப்புறச் சன்னலோரம் என்பது மாற்றமுடியாத சட்டம். டிக்கியில் எவர்சில்வர்த் தூக்குகளில் புளியோதரையும் தயிர்ச்சாதமும், முன்புறப் பம்பரில் கான்வாஸ் தண்ணீர்ப் பையும் தொங்கும்.

அக்காரின் குறைகளையும் சொல்லாவிடின் வரலாறு ஆகாது. மழை துடைக்கும் வைப்பர், மின்சாரத்தால் இயங்கவில்லை. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் உறிஞ்சு விசையால் இயங்கியது. ஆக்சிலேட்டரை நன்கு அழுத்தினால் அவ்விசை குறைந்துவிடும். ஆகவே கண்டாலா மலைச்சாலையில் ஆடி மாதப் பெருமழையில் ஏறும்போது, வைப்பர் மிகத் தேவையான அந்த நேரத்தில் கண்ணாடியின் நடுவே நின்றுவிடும். பெரியப்பா கணநேரம் காலை எடுப்பார், வைப்பர் ஒருமுறை விரைந்து துடைக்கும், மீண்டும் அழுத்துவார். ‘இப்போ எடுங்கோ, இப்போ அழுத்துங்கோ’ என்று பெரியம்மா தாளம் போட்டுக்கொண்டே வருவார். கோடையில் வேறு தொல்லை. பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகி, எஞ்சின் விக்கி நின்றுவிடும். ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றிவிட்டு, மரநிழலில் அரைமணி நேரம் காத்திருப்பதே மருந்து. தூக்குகள் திறக்கப்பட்டதும் பெரும்பாலும் அந்த அரைமணி நேரத்தில்தான்.

இவ்வளவு அன்புக்குரிய கார்கள் புதிதாக வருவது திடீரென நின்றுபோனதன் காரணம் 1953ஆம் ஆண்டுச் சுங்கவரிக் குழுவின் அறிக்கை. வெளிநாட்டு உறுப்புகளை வெறுமனே பூட்டி விற்பவர்க்கு இனி இடமில்லை, படிப்படியாக உறுப்புகளை இங்கேயே செய்யும் திட்டம் உடையவரே தொழில் நடத்தலாம் என்று அது பரிந்துரைத்தது, அரசும் ஏற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் சிவ்ரியில் வேலையை நிறுத்திற்று. ஃபோர்டும் அவ்வாறே விலகிற்று. அதனைக் குறுகிய நோக்கு என்று இன்றும் பழிப்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. அம்முடிவு எங்களைப் போன்றோர்க்குத் தேர்வைக் குறைத்தது உண்மையே. ஆனால் சென்னைப் பாடியில் 1960இல் வீல்ஸ் இந்தியா, 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962இல் பிரேக்ஸ் இந்தியா என்று தொழிற்சாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. சக்கரமும் ஸ்டார்ட்டரும் பிரேக்கும் நம்மவர் கையால் உருவாயின. பெட்டிகள் தொடர்ந்து கப்பலில் வந்துகொண்டே இருந்திருந்தால், இவற்றைத் தொடங்க எவர் துணிந்திருப்பார்?

ஏற்கெனவே இங்கிருந்த அமெரிக்கக் கார்களின் நிலைதான் இரங்கத்தக்கது. அமெரிக்காவில் சில ஆண்டுகளில் கைமாறிப் பழைய இரும்பாகும் கார், இங்கே இருபதாண்டு, முப்பதாண்டு வாழ வேண்டியதாயிற்று. அதுவும் உறுப்புகள் வராத நாட்டில். பம்பாயில் சோர் பஜார், தில்லியில் காஷ்மீரி கேட், கல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை ஆகிய இடங்களே அவற்றிற்கு மருத்துவமனைகள். அங்கும் கிடைக்காததைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து செய்தனர் நம் மெக்கானிக்குகள். எழுத்தறியாத ஒருவர், தேய்ந்த பித்தளைப் புஷ்ஷைக் கையில் உருட்டிப் பார்த்தே அளவு சொல்லிப் புதியது செய்ததை நான் சிறுவனாக நின்று கண்டிருக்கிறேன். தூதரகத்தார் விட்டுச்சென்ற பெரிய கார்கள் அரசு வணிகக் கழகத்தின் வழியாக விற்பனைக்கு வந்ததுண்டு. அவை திரைப்பட நடிகர்க்கும் பெருவணிகர்க்கும் எட்டினவேயன்றி, காலனிவாசிகளுக்கு எட்டவில்லை.

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி கடைசி அடியாக விழுந்தது. பெட்ரோல் விலை ஏறியதும் பெருங்கார்கள் வீதியோரங்களில் துணி போர்த்தப்பட்டு நின்றன. வாடகைக்கு ஓட்டியவர்கள் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, டீசல் எஞ்சினைப் பூட்டினர். சென்னைச் சிம்ப்சன் நிறுவனத்தார் செய்த பெர்கின்ஸ் எஞ்சின் இதற்குப் பெயர்பெற்றது. அமெரிக்க உடலில் சென்னையில் பிறந்த இதயம்! ஓசை மிகுதி, புகை மிகுதி. ஆனால் வண்டி பிழைத்தது. பெரியப்பாவின் செவர்லேயும் 1974இல் அத்தகைய ஒருவர் கைக்கே சென்றது. விலை பேசி முடிந்தபின், டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று பெரியம்மா கேட்டார். வாங்கியவர் அதைத் தம் கையாலேயே பெயர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் பெரியப்பா, கழுவக் கார் இல்லாமலே காலை ஆறு மணிக்குக் கீழே இறங்கி நின்றதை நாங்கள் பார்த்தும் பாராதவராய் இருந்தோம்.

அக்கார்களைச் செய்த அமெரிக்கப் பெயர்களும் ஒவ்வொன்றாய் மறைந்தன. டிசோட்டோ 1960இலும், ஸ்டூடிபேக்கர் 1966இலும், பிளிமத் 2001இலும், ஓல்ட்ஸ்மொபீல் 2004இலும் முடிந்தன. எஞ்சிய வண்டிகளுக்கு 2021ஆம் ஆண்டு மத்திய அரசு தனி விதி வகுத்தது. முதற்பதிவு செய்து 50 ஆண்டு கடந்த, வணிகத்திற்குப் பயன்படாத வண்டி ‘விண்டேஜ்’ எனப் பதிவு பெறலாம். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் அதனை ஓட்டலாமேயன்றி அன்றாடப் பயணத்திற்கு ஓட்டலாகாது. ஆனால் உடலோ அடிச்சட்டமோ எஞ்சினோ மாற்றப்படாமல் பழைய வடிவிலேயே இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. டீசல் எஞ்சின் பூட்டப்பட்டதால் மட்டுமே இந்நாள்வரை பிழைத்த வண்டிகள், அக்காரணத்தாலேயே இத்தகுதியை இழக்கின்றன. பழுது பார்ப்போரின் கைத்திறனையும் வரலாற்றின் ஒரு பகுதியாகக் கொண்டு இவ்விதியைத் தளர்த்தலாம் என்பது என் கருத்து. மற்றொரு விதி மகிழ்ச்சிக்குரியது. புதிதாகப் பதிவோர்க்கே வி.ஏ. என்னும் எழுத்துகள் கொண்ட புது எண் வழங்கப்படும். முன்பே பதிவான வண்டிகள் தம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆகவே பம்பாயின் பி.எம். எழுத்துகளையும் சென்னையின் எம்.எஸ். எழுத்துகளையும் தாங்கிய பலகைகள், அவை முதன்முதல் ஏறிய கார்களிலேயே இன்னும் சட்டப்படி இருக்கலாம்.