ஆத்தின நுரையும் அடிச்ச நுரையும்

நம்ம வீடுகளுக்கு இப்போ பால் நுரைக்கிற மெஷின் வந்தாச்சு. நுரையோட பழைய கதை தெரியுமா மக்களே?

நம்ம ஊர்ல நுரைக்காக யாரும் காபி ஆத்தலை. பால் பொங்கக் காயணும். அந்தச் சூட்டுல குடிக்க முடியாது. டம்ளருக்கும் டபராவுக்கும் நடுவுல உயரத் தூக்கி ஆத்தினா சூடு இறங்கும், சர்க்கரை கரையும். நுரை வெறும் கொசுறு.

இத்தாலியிலும் கொசுறுதான். 1901-ல் மிலான்காரர் லூய்ஜி பெட்சேரா, நீராவி அழுத்தத்துல காபி இறக்கும் மெஷினுக்குக் காப்புரிமை பதிஞ்சார். பின்னால வந்தவங்க, பாய்லர்லதான் நீராவி இருக்கேன்னு பாலுக்கும் ஒரு குழாய் விட்டாங்க. நாம இங்க வடக்கத்திக் கல்யாணங்கள்ல பார்க்கிற, கோகோ பொடி தூவின 'எஸ்பிரஸோ' அந்தக் குழாயோட வாரிசு.

இங்கத்து வீடுகள்லயோ, இன்ஸ்டன்ட் காபியும் சர்க்கரையும் சொட்டுத் தண்ணி விட்டு ஸ்பூனால அடிப்பாங்க. 2020 ஊரடங்குல 'டல்கோனா'ன்னு கொரியப் பேர்ல உலகம் சுத்தினதும் ஏறக்குறைய அதுதான்.

புது மெஷின் நுரைக்காகவே பிறந்தது. காந்தத்தால கம்பிச்சுருள் சுத்தும். பால் சுமார் 65 டிகிரி வந்ததும் நின்னுடும். பால்ல இருக்கிற புரதம் காத்தைப் பிடிச்சு வைக்க, நுரை மெத்துன்னு நிக்கும். பால் கொதிக்கவே இல்லை. அப்புறம் எதை ஆத்துறது?

நுரை நல்லாவே இருக்கு. ஆனா ஆத்துறதுன்னா சூடு தணிக்கிறதுன்னு இங்க வளர்ற பசங்களுக்கு எதைக் காட்டிச் சொல்றது? டபராவைப் பரண்ல ஏத்திடாதீங்க. ஞாயித்துக்கிழமையாவது அவங்க கையில குடுங்க.